கணீரென்ற கல் கள்ளக் கல்

முன்பெல்லாம் ஒரு வீட்டில் ஒரு சாமான் களவு போனால், சாமான் போய்விடும். வீட்டுக்காரன் இரண்டு நாள் கத்துவான், மூன்றாம் நாள் அயலானைச் சந்தேகப்படுவான், நாலாம் நாள் விட்டுவிடுவான். இந்தக் காலத்துச் சனங்களிடம் அந்த ஒழுங்குகூட இல்லை. களவு போன சாமான் மேசையில் கிடக்கிறது. நிறை சரி, நீளம் சரி, நம்பர் சரி. ஆனாலும் ‘இது அது இல்லை’ என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். வினாயகமூர்த்திக்கு இதைக் கேட்டதும் இடது முழங்காலில் குத்து இன்னும் கொஞ்சம் ஏறியது.

அவர் படித்தது மூன்றாம் வகுப்பு. வாழைச்சேனைக் கடதாசி ஆலையின் வாசலில் இருபத்தைந்து வருடம் நின்று வைக்கோல் பொறுப்பெடுத்தவர். நிறை ஏறட்டும் என்று வைக்கோலை நனைத்துக்கொண்டு வந்தவன், கட்டின் நடுவே கல்லை வைத்துக்கொண்டு வந்தவன், ஒருமுறை கட்டுக்குள் தன் மச்சானையே வைத்துக்கொண்டு வந்தவன், எல்லாரையும் கையை உள்ளே விட்டுப் பிடித்தவர். அந்த வாசலில் ஒரு நேர்மையான மனுசனையும் அவர் கண்டதில்லை. ஓய்வெடுத்த பிறகு சண்டைக் காலம் வந்தது. சனங்கள் பொலிசுக்குப் போகவும் பயந்து, துவக்கோடு திரிந்த மற்றவர்களிடம் போகவும் பயந்து, கடைசியில் களவு பிடித்துத் தரச்சொல்லி இவரிடம் வந்தார்கள்.

அவரைச் சைக்கிள் கரியரில் ஏற்றி ஊர் ஊராய் மிதிப்பவன் ஏறாவூர் சாலிஹ். வயது நாற்பத்தைந்து. மிதிப்பது அவன் தொழில். வாயை மூடாமல் மிதிப்பது அவன் குணம்.

எண்பத்தாறாம் ஆண்டு, ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. மத்தியானம் ஒரு மணிக்கு இருவரும் காத்தான்குடியில் முனாப்பின் வீட்டு முன்னறையில் இருந்தார்கள். மேசையில் வெள்ளைச் சுண்ணாம்புக் கல் ஒன்று. ஒரு சாண் நீளம், மணிக்கட்டளவு மொத்தம், உருட்டிவைத்த மெழுகுதிரி மாதிரி. மேலே நீல மையில் ‘14’.

“இது எண்ட கல்லு இல்ல ஐயா,” என்றான் முனாப்.

முனாப் அரபு நாட்டில் எண்ணெய்க் கம்பனி ஒன்றின் ஆய்வுகூடத்தில் கல் வெட்டுகிறவன், கல் கழுவுகிறவன், கல் நிறுக்கிறவன். ‘கல்லைத் தட்டுறத்துக்கும் ஒரு சம்பளமா மகன்?’ என்று அவன் உம்மா கடிதத்துக்குக் கடிதம் கேட்டதால், காட்டுவதற்கென்று ஒரு கல்லைக் காலுறைக்குள் சுற்றிக்கொண்டு லீவில் வந்துவிட்டான். பின்னால் தந்தி வந்தது. பதினாலாம் நம்பர் கல்லோடு வா, இல்லாவிட்டால் வராதே. பத்தாயிரம் அடி ஆழத்தில் எடுத்த கல், இன்னொன்று எடுக்க முடியாது.

நாளை விடியக் கொழும்பு பஸ். வளவின் மறுபக்கத்தில் தங்கச்சி றஸீனாவின் கலியாணச் சீதன வீடு கூரையில்லாமல் நின்றது. வீடு முடிந்தால்தான் கலியாணம். முனாப்பின் வேலை போனால் வீடும் முடியாது.

“நம்பர் இருக்கு. பிறகு என்ன?” என்றார் மூர்த்தி.

“எண்ட நம்பர் கறுப்பு மை ஐயா. இது நீலம். அதவிட, இத தட்டிப் பாருங்க.”

சாலிஹ் நூலில் கட்டித் தூக்கிப் பிடித்தான். மூர்த்தி வீட்டுப் பூட்டின் திறப்பால் தட்டினார். கணீர் என்றது.

“நல்ல கல்லுதானே.”

“அதுதான் பிழை. பதினாலு கணீரெண்டாது. எங்கட பெட்டியிலயே சோம்பேறிக் கல்லு அதுதான்.”

மூர்த்தி சாலிஹைப் பார்த்தார். சாலிஹ் முகட்டைப் பார்த்தான்.

முனாப் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “பேக்கரிப் பாணுக்குள்ள ஓட்டை இரிக்கிற மாதிரி, இந்தக் கல்லுக்குள்ளயும் ஓட்டை இரிக்கி ஐயா. கண்ணுக்குத் தெரியா. அதுக்குள்ளதான் எண்ணெய் நிக்கிற. எவ்வளவு ஓட்டை எண்டு தண்ணியில ஊறவெச்சு நிறுத்துப் பாப்பம். ஆனா எவ்வளவு எண்டு தெரிஞ்சாப் போதா, எப்பிடிப்பட்ட ஓட்டை எண்டு தெரியணும்.”

“ஓட்டையில என்னடாப்பா எப்பிடிப்பட்டது?”

“சிப்பி கரைஞ்சுபோன இடத்தில உருண்டை ஓட்டை வரும். நெரிபட்ட கல்லில மயிர் மாதிரிக் கீறல் வரும். உருண்டை ஓட்டை ஒண்டோடொண்டு தொடுப்பில்லாட்டி எண்ணெய வெச்சிரிக்கும், தராது. கீறலெண்டா அதுவழிய எண்ணெய் நடந்து வரும்.”

“எண்ட மாமனார் உருண்டை ஓட்டைதான்,” என்றான் சாலிஹ். “வெச்சிரிப்பார், தரமாட்டார்.”

“ரெண்டு கல்லும் ஒரே அளவு தண்ணி குடிக்கும் காக்கா,” என்று முனாப் அண்ணன்முறை சொல்லி அவனுக்கு விளக்கினான். “நிறுத்தாப் பிடிபடா. சத்தத்திலதான் பிடிபடும். இந்தப் பக்கத்தால சத்தத்த விட்டா, அந்தப் பக்கத்துக்கு எவ்வளவு சுணங்கி வருதெண்டு மெசின் பாக்கும். உருண்டை ஓட்டை கல்லின்ட பலத்தக் குறைக்கிறது கொஞ்சம். சத்தம் கெதியா ஓடும். கீறல் கல்ல இளக்கிப் போடும். சத்தம் சுணங்கும்.”

மூர்த்திக்கு இது வைக்கோலுக்குள் மச்சானை வைத்தவன் சொன்ன கதையை விட மோசமாகப் பட்டது. “புள்ள!” என்று உள்ளே கூப்பிட்டார். “ஒரு பூச்சட்டியும், கீறல் விழுந்த சட்டி ஒண்டும் கொண்டு வா.”

றஸீனா இரண்டையும் கொண்டுவந்தாள். பூச்சட்டியின் அடியில் பெருவிரல் போகும் ஓட்டை. தட்டினார், கணீர். மற்றச் சட்டியில் கீறல் எங்கே என்று தேடித்தான் பார்க்கவேண்டும். தட்டினார், டொக்.

“பாத்தீங்களா ஐயா!”

“சட்டி சட்டி. கல்லு கல்லு,” என்றார் மூர்த்தி. ஆனால் இன்னொரு முறை இரண்டையும் தட்டிப் பார்த்தார்.

கதவுமறைவில் முனாப்பின் உம்மா நபீஸா முக்காட்டைச் சரிசெய்தபடி நின்றார். மூர்த்தி அந்தப் பக்கம் திரும்பினார்.

“ராத்தா, கல்ல ஆருக்குக் குடுத்தீங்க?”

“நான் ஏன் தம்பி குடுக்கப் போறன்?”

“கல்லுக்கு மேல தேங்காய் எண்ணெய் மணக்குது. உள்ளுக்கு ஊறல்ல. ஆரோ பூசி இருக்கிறாங்க.”

நபீஸா முதலில் அழுதார், பிறகுதான் பேசினார். எண்ணெய்க் கிணற்றுக் கல் அல்லவா, உள்ளே எண்ணெய்ச் சத்து இருக்கும் என்று ஒருநாள் தேங்காய் எண்ணெய் தடவி முழங்காலில் உருட்டினாராம். வலி பறந்ததாம். கதை தெருவில் இறங்கியதாம். நாற்பது நாளாக முழங்கால்கள் வந்து போகின்றனவாம்.

“உம்மா!” முனாப் தலையில் கைவைத்தான். “அது வெறுங்கிணத்துக் கல்லு உம்மா! அதுக்குள்ள ஒரு சொட்டு எண்ணெய் இல்ல!”

“எண்ட முழங்காலுக்கு அது தெரியாதே மகன்.”

“கடைசியா ஆரிட்டப் போச்சு?” என்றார் மூர்த்தி.

“கைறுன்னிஸாட்ட. அண்டைக்கே திரும்பி வந்திட்டு.”

கைறுன்னிஸா இரண்டு தெரு தள்ளித் தறி நெய்கிறவள். மூவரும் போனபோது தறியில் இருந்து எழும்பாமலே, “ஓம், கல்லு இரிக்கி,” என்று காலால் தள்ளிக் காட்டினாள். ஒரு சாண் நீளம், மணிக்கட்டு மொத்தம், நீல மையில் ‘14’.

“இது ஒண்டு, அது ஒண்டு,” என்று சாலிஹ் விரல் மடித்தான். “கல்லு குட்டி போட்டிட்டு அண்ணன்.”

“நபீஸா ராத்தா தந்த,” என்றாள் கைறுன்னிஸா. “இதுதான் அசல், தன்ட கையில இரிக்கிறதுதான் போலி, ஒருத்தருக்கும் செல்லாதே எண்டு தந்த. எதிர்வீட்டுக்கும் ஒண்டு குடுத்திரிக்கா. அவளுக்கும் அதேதான் செல்லியிரிக்கா.”

மூர்த்தி தட்டினார். கணீர்.

“இதுவும் போலி,” என்றான் முனாப்.

மூர்த்தி கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மை இல்லை அது, பெயின்ற். வானநீலம். அந்த நீலத்தை இன்றைக்கு எங்கேயோ பார்த்தோமே என்று யோசித்தார். றஸீனாவின் கலியாண வீட்டு யன்னல்கள்! கூரை ஏறுமுன்னே யன்னலுக்கு நீலம் அடித்திருந்தது.

“அந்த வீட்டு மேசன் ஆர்?”

“ஆரையம்பதி இளையதம்பி.”

“ஏறுங்க அண்ணன்,” என்றான் சாலிஹ். “சந்தேகத்துக்கு ஆள் கிடைச்சா உங்கட முகத்துக்கு ஒரு களை வருது.”

கைறுன்னிஸாவின் கல்லைச் சாட்சிக்கென்று வாங்கிக்கொண்டு புறப்பட்டார்கள். முனாப் பின்னால் தன் சைக்கிளில் வந்தான். வழியில் இராணுவச் சென்றி. அடையாள அட்டை பார்த்த சிப்பாய் பையைத் திறக்கச் சொன்னான். கல்லைக் கண்டதும் துவக்கை நிமிர்த்தினான்.

“இது என்ன?”

“கல்லு சேர்,” என்றான் முனாப்.

“கல் ஏன் ரவுண்ட்? ஏன் நம்பர்? மற்றப் பதிமூணு எங்க?”

அது நல்ல கேள்வி என்று மூர்த்திக்கே பட்டது. முனாப் ஓட்டைகளின் வகைகளைப் பற்றி விளக்கத் தொடங்கினான். சிப்பாயின் முகம் இறுகிக்கொண்டு போனது. சாலிஹ் குறுக்கே விழுந்தான்.

“சேர், கால் நோவுக்கு. முழங்கால்.” குனிந்து தன் முழங்காலில் உருட்டிக் காட்டி, ஆஹா என்று கண்ணை மூடினான்.

சிப்பாய் அங்கும் இங்கும் பார்த்தான். காலை ஐந்து மணியிலிருந்து நிற்கிறவன். மெதுவாக மணல்மூட்டையில் உட்கார்ந்து, காற்சட்டையை மடித்துவிட்டான். பதினைந்து நிமிடம். அவன் முடித்ததும் பக்கத்தில் நின்றவன் மடித்தான். அது இன்னொரு பதினைந்து. மூவரையும் போகவிட்டார்கள். கல்லைப் போகவிடவில்லை.

“சாட்சியைக் குடுத்திட்டு வாறம்,” என்றார் மூர்த்தி கடுப்போடு.

“சாட்சிய நல்லா வெச்சிரிப்பாங்க அண்ணன். துவக்கோட நிக்கிறாங்க.”

இளையதம்பி வீட்டு முற்றத்தில் சோறு தின்றுகொண்டிருந்தான். நெடுத்த ஆள், கைவிரல் எல்லாம் சுண்ணாம்பு. மூர்த்தி உட்காரவில்லை.

“நம்பர் போட்ட கல்லுச் செய்திருக்கிறாய்.”

“ஓம் ஐயா, நபீஸாம்மா கேட்டவ. தன்ட கல்லத் தந்து, இதப்போல நாலு செய் எண்டவ. கடல் முருகைக்கல்லில கடைஞ்ச நான்.” அவன் முகத்தில் பெருமைதான் இருந்தது. “நிறைகூட ஒரு குண்டுமணி பிசகல்ல. நம்பர் அழிஞ்சிருந்தது, அவ சொல்ல யன்னல் பெயின்றால எழுதின நான்.”

“அசலை எடுத்துக்கொண்டு போலியக் குடுத்திருக்கிறாய். ஆருக்கு வித்த நீ?”

இளையதம்பி சோற்றுக் கையை உதறினான். “விக்கிறதோ? ஐயா, என்னைப் பாத்துக் கள்ளன் எண்டு சொன்னீங்க, அது கிடக்கட்டும். நான் செய்த வேலையக் குறை சொல்லாதீங்க. அவ தந்தது வெடிச்ச கல்லு.”

“என்னது?”

“எங்கட தொழிலில மேசன்கரண்டிக் காம்பால தட்டாமக் கல்லக் கையில எடுக்கிறதில்ல. கணீரெண்டாச் சுவருக்கு. டொக்கெண்டா வீசிறது. நான் செய்த நாலும் மணி மாதிரி. அந்த அம்மாட கல்லு டொக்கெண்டு செத்த சத்தம். பாத்தா ஒரு கீறலும் தெரியல்ல, ஆனா உள்ளுக்கு வெடிச்சிருக்கு. பாவம், வெளிநாட்டில மகனை ஆரோ ஏமாத்திப்போட்டான் எண்டு நினைச்சன். சொன்னா மனசு நோகும். ஆனபடியா சத்தம் போடாம, நாலோட இன்னொண்டு நானாச் செய்து, அதைக் குடுத்திட்டு, பழுதை வீசிப்போட்டன். கூலியும் கேக்கல்ல.”

முனாப் சைக்கிளை வேலியில் சாத்தினான். “கம்பனியில பெரிய மெசின் வெச்சுப் பாத்துச் செல்லுறத்தை, இவர் கரண்டிக் காம்பால தட்டிச் செல்லிட்டார்.”

“எங்க வீசின நீ?” என்றார் மூர்த்தி.

“சூளையில. சுண்ணாம்புக் கல்லுத்தானே, வீணாகாது.”

“எந்தச் சூளை?”

“கடற்கரைச் சூளை. இண்டைக்கு நாலு மணிக்கு நெருப்பு வைக்கிறாங்க. ஊரடங்குக்கு முந்தி மூட்டவேணுமே.”

சாலிஹ் கைமணிக்கூட்டைப் பார்த்தான். மூன்று ஐம்பது. மூர்த்தி கரியரில் ஏறுமுன்னே மிதிக்கத் தொடங்கினான். இளையதம்பி முனாப்பின் சைக்கிளில் தொற்றிக்கொண்டான்.

சூளை ஓர் ஆள் உயரம். விறகு ஓர் அடுக்கு, முருகைக்கல் ஓர் அடுக்கு என்று ஏற்றிக் கட்டியிருந்தது. சூளைக்காரன் பந்தத்தைப் பற்றவைத்துக் கையில் பிடித்திருந்தான். முனாப் சைக்கிளை மணலில் வீசிவிட்டுச் சூளைக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றான். “வெக்காதீங்க! எண்ட தங்கச்சிட கூர உள்ளுக்கு இரிக்கி!”

சூளைக்காரன் பந்தத்தைக் கீழே இறக்கினான். பைத்தியக்காரன் உள்ள இடத்தில் நெருப்பு வைப்பது சரியில்லை என்று நினைத்திருக்கலாம். இளையதம்பி அவன் காதில் ஏதோ சொன்னான். நால்வரும் அடுக்கைப் பிரித்தார்கள்.

உருளைக் கல் கிடைத்தது. கிடைத்துக்கொண்டே இருந்தது. ஒன்று, நாலு, ஏழு, ஒன்பது.

“என்னடா இது?” என்றார் மூர்த்தி.

“கடையேக்க சரிவராமப் போனதெல்லாம் இதுக்குள்ளதான் போட்ட நான்,” என்றான் இளையதம்பி, கொஞ்சம் வெட்கத்தோடு.

எல்லாம் ஒரே நீளம், ஒரே மொத்தம், சுண்ணாம்புத் தூள் படிந்து ஒரே வெள்ளை. நாற்பது நாள் முழங்கால்கள் கறுப்பு நம்பரைத் தேய்த்துத் தின்றுவிட்டிருந்தன. சாலிஹ் ஒவ்வொன்றாய் நூலில் தூக்க, மூர்த்தி திறப்பால் தட்டினார். ஆறு கல் கணீர். அவற்றைத் தூக்கி எறிந்தார்கள். மூன்று கல் டொக்.

“அசல் ஒண்டுதானே அண்ணன். மூணு செத்த சத்தம் கேக்கிதே.”

“கடையேக்க வெடிச்சதும் இருக்கும் ஐயா,” என்றான் இளையதம்பி. “வெடிச்சா அதுவும் டொக்குத்தான்.”

முனாப் மூன்றையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தான். “காதால இதுக்கு மேல போக ஏலா ஐயா. மெசின் வேணும்.” பிழையான கல்லைக் கொண்டுபோய் நின்றால் கம்பனி அங்கிருந்தே அனுப்பிவிடும். சூளைக்காரன் பந்தத்தை ஊதி ஊதி எரியவைத்துக்கொண்டிருந்தான்.

மூர்த்தி மூன்று கல்லையும் மணலில் வரிசையாக வைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குந்தினார். சூளைக்காரனின் வாளியில் கையை நனைத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சொட்டு விட்டார்.

முதல் கல் சொட்டை உடனே குடித்தது. இரண்டாம் கல்லும் குடித்தது. மூன்றாம் கல்லின் மேல் சொட்டு, தாமரை இலையில் நிற்பதுபோல உருண்டு நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

“காய்ஞ்ச வைக்கோல் தண்ணி குடிக்கும்,” என்றார் மூர்த்தி. “ஏற்கெனவே குடிச்சது குடிக்காது. நாப்பது நாள் தேங்காய் எண்ணெய் ஊறினது இதுதான்.”

முனாப் கல்லை எடுத்து மோந்தான். நெஞ்சோடு அணைத்தான். பிறகு முகம் மாறியது. “ஐயா, இது எண்ணெய் இல்லாத கிணத்துக் கல்லு. இப்ப நிறைய எண்ணெய் இரிக்கி.”

“அதுக்கென்ன?” என்றான் சாலிஹ். “உங்கட கம்பனி பத்தாயிரம் அடி தோண்டியும் கிடைக்காத எண்ணெய உங்கட உம்மா நாப்பது நாளில ஏத்திட்டா. சம்பளத்தக் கூட்டச் செல்லுங்க.”

“கழுவுற மருந்து லாப்பில இரிக்கி,” என்று முனாப் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். “ஒருத்தரும் தட்டிப் பாக்கிறதுக்கு முந்திக் கழுவிப்போடுவன். வேல நிக்கும். கூரையும் ஏறும்.” சொல்லும்போதே கண் கலங்கியது.

இளையதம்பிக்கு மட்டும் திருப்தியில்லை. “தம்பி, சொல்லுறன் எண்டு கோவிக்காதீங்க. வெடிச்ச கல்லத்தான் கொண்டு போறீங்க. உங்கட துரைமார் ஏசுவாங்க. வீட்டில இருக்கிற நான் செய்த கல்லையும் கையோட கொண்டு போங்க. தட்டிக் காட்டுங்க. எது நல்ல கல்லெண்டு அவங்களே சொல்லட்டும்.”

மூர்த்தி அவனை மேலும் கீழும் பார்த்தார். இருபத்தைந்து வருடம் வாசலில் நின்ற கண். கூலி கேட்காமல் ஒருவன் ஒரு கல்லைக் கூடுதலாகச் செய்து கொடுத்திருக்கிறான். அதுவும் இரகசியமாக. கையை எங்கே உள்ளே விட்டுப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“எனக்குப் பிடிபடாத ஏதோ ஒண்டு உன்னட்ட இருக்கு,” என்றார்.

“இருந்தாச் சொல்லுங்க ஐயா. திருத்திறன்,” என்றான் இளையதம்பி. எறிந்த ஆறில் ஒன்றைப் பொறுக்கித் தூசி தட்டி, அவரிடம் நீட்டினான். “நொண்டிக்கொண்டு வந்தீங்க. வைச்சுக்கொள்ளுங்க. முனையில கொஞ்சம் உடைஞ்சிருக்கு, ஆனா உள்ளுக்குச் சுத்தம். தட்டிப் பாத்துத்தான் தாறன்.”

“எனக்கு ஒண்டும் வேணாம்,” என்று சொல்லி, மூர்த்தி அதை வாங்கித் தோளில் தொங்கிய பைக்குள் போட்டார்.

பின்னால் சூளை பற்றிக்கொண்டது. சாலிஹ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தான். “ஏறுங்க அண்ணன்.”

“நான் நடக்கிறன்.”

“முழங்கால்?”

“முழங்கால் எண்ட முழங்கால்.”

மணலைக் கடந்து தெருவில் ஏறினார். கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறதாம். அது சத்தத்தைச் சுணங்கப்பண்ணுமாம். அதை வைத்து எண்ணெய் நடக்குமா நடக்காதா என்று சொல்வார்களாம். இதற்குள் நேர்மையான ஒரு மேசனும் இருக்கிறானாம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார், ஒன்றும் நம்பும்படியாக இல்லை. பைக்குள் கல் ஒவ்வோர் எட்டுக்கும் இடது தொடையில் மெல்ல இடித்தது. காற்றாடிச் சவுக்கு மரங்களைத் தாண்டியபோது முழங்கால் கொஞ்சம் இலேசானதுபோல இருந்தது.

அதையும் அவர் நம்பவில்லை. நடந்துகொண்டே இருந்தார்.